டாக்டர் ஸ்டோலிச்காவும் ஊட்டத்தூர்ச் சுருட்கற்களும்

நமது கலாசாலையின் இயற்கைநூற் பகுதியில், கண்ணாடிப் பேழை ஒன்றின் அடித்தட்டிலே, ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்டதொரு கல் நெடுநாளாய்க் கிடக்கின்றது. அகலம் ஓர் உள்ளங்கை. நிறம் தவிட்டு நிறம். வெளிச்சுற்றின்மேல் தடித்த வரம்புகள் உண்டு. அதன் கீழ் ஒட்டிய சீட்டில் ஊட்டத்தூர் என்னும் ஊர்ப்பெயரன்றி வேறொன்றும் எழுதப்படவில்லை. புதிதாய்ச் சேரும் மாணாக்கர் ஆண்டுதோறும் அதனைக் கண்டு, நத்தை என்பார் சிலர். சங்கு என்பார் சிலர். சாளக்கிராமம் என்று கைகூப்புவாரும் உளர். மூவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டென்பதைப் பின்னர்க் காட்டுவோம். அவ்வகைக் கற்களை எழுத்துக்கூட்டிப் படித்து, நம் நாட்டுச் சிற்றூர்களின் பெயரை உலகத்துப் பண்டிதர் நாவில் வழங்கச் செய்த ஒருவரின் சரிதத்தை இவ்வாண்டு மலரில் எழுதப் புகுந்தோம். அவர் தமிழரல்லர், ஆங்கிலேயருமல்லர். ஐரோப்பாவின் நடுவே மொராவியா நாட்டில் ஒரு வனக்காவலர் வீட்டிற் பிறந்து, இமயத்துக்கு அப்பாற்பட்ட வெறுவெளியில் 36 வயதில் மாண்டவர். பெர்டினாண்டு ஸ்டோலிச்கா என்பது அவர் பெயர்.

சரிதத்திற் புகுமுன் கல்லைப்பற்றிச் சிறிது சொல்லல் வேண்டும். அது உண்மையிற் கல்லன்று. ஒருகாற் கடலில் மிதந்து திரிந்த ஓர் உயிரின் ஓடு. எகிப்தியர் வணங்கிய ஆமோன் என்னும் தெய்வத்துக்குக் கடாவின் கொம்புகள் உண்டாதலால், அக்கொம்பை ஒத்த இவ்வோடுகளுக்கு அம்மோனைட் என்று பெயரிட்டனர். பார்வைக்கு நத்தை போன்றிருப்பினும், நெருங்கிய உறவினால் இது நம் கடற்கரைச் சந்தைகளில் விற்கும் கணவாய்க்கு இனமாகும். நத்தையும் கணவாயும் மெல்லுடற் பிராணிகள் என்னும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவையாதலின், நத்தை என்ற மாணாக்கரும் முற்றத் தவறினவரல்லர்.

நத்தையின் ஓடு வாய்முதல் நுனிவரை ஒரே குழல். அம்மோனைட்டின் ஓடோ அறை அறையாய்த் தடுக்கப்பட்டது. பிராணி வளருந்தோறும் முன்னே நகர்ந்து, தான் விட்டுவந்த இடத்தைச் சுவரிட்டு மூடிக்கொண்டு, கடைசி அறையில் மாத்திரம் வாசஞ்செய்தது. பின்னிருந்த அறைகளில் வாயு நிரம்பியிருந்தது. மெல்லிய குழல் ஒன்று அவற்றையெல்லாம் ஊடுருவிச் சென்று, உள்ளே தங்கிய நீரை வாங்கிவிடப் பயன்பட்டது. இக்காலத்தும் தென்கடல்களில் வாழும் நாட்டிலஸ் என்னும் பிராணி இவ்வாறே தன் பாரத்தைச் சமன் செய்துகொள்ளுகின்றது. ஆனால் நாட்டிலஸின் தடுப்புச்சுவர் ஓட்டோடு சேருமிடம் எளிய வளைகோடாய் இருக்க, அம்மோனைட்டிலோ அக்கோடு பாசிக்கொடியும் இலைநரம்பும் போற் கிளைத்துக் கிளைத்து ஓடும். வகைக்கு வகை அக்கோடு வேறுபடும். அதுவே பண்டிதர்க்கு எழுத்து. ஒரு துண்டு கிடைப்பினும் அக்கோடு கண்ணுக்குப் புலப்படுமாயின், இன்ன குடும்பத்ததென்று துணியலாம்.

இவ்வுயிர்கள் ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒருசேர அழிந்துபோயின. அதற்கு முன்னரும் ஒவ்வொரு வகையும் நெடுங்காலம் நிலைத்ததில்லை. தோன்றிச் சிறிது காலம் கடலெங்கும் பரவி, மறைந்து, வேறொன்றுக்கு இடங்கொடுத்தது. ஆகவே இரண்டு நாடுகளின் பாறைகளில் ஒரே வகை அம்மோனைட் காணப்படின், அப்பாறைகள் ஒரே காலத்துக் கடலடிச் சேறு என்று கூறிவிடலாம். அரசர் முத்திரை பொறித்த பழங்காசைக் கொண்டு காலங் கணிப்பதை ஒக்கும் இது.

இனி அக்கல் கிடந்த நிலம். திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருவழியில் பாடாலூரை அடைந்து, கிழக்கே சிறிது தொலைவு சென்றால் ஊட்டத்தூர். பழைய சிவாலயம் உள்ள ஊர். அதற்கு அண்மையில் காரை முதலிய ஊர்ப்புறங்களிலே மழைநீர் அறுத்த ஓடைகளும், புல்லும் முளையாத மஞ்சளும் செம்மையுமான களிமண் மேடுகளும் காணலாம். களிமண்ணினூடே உப்பளம் போல் மின்னும் ஜிப்ஸம் தகடுகள். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் மண் கரைய, உள்ளே உறங்கும் ஓடுகள் தலைகாட்டும். அங்கிருந்து கிழக்கே கருடமங்கலம் வழியாய் அரியலூர் வரை செல்பவன், தான் அறியாமலே, ஒரு பழங்கடலின் அடித்தளத்தின்மேல், பழைய காலத்திலிருந்து பிற்காலத்தை நோக்கி நடந்து செல்லுகின்றான். மேற்கே உள்ள அடுக்கு முந்தியது. கிழக்கே உள்ளது பிந்தியது. கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக் கல்லை மெருகிட்டுத் திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல் என்ற பெயரால் அலங்காரப் பொருள்கள் செய்து விற்றதுண்டு. அவற்றை மேசைமேல் வைத்து மகிழ்ந்த துரைமார் பலர். அதிற் பதிந்த சிப்பிகள் யாவை என்று வினவினவர் சிலரே.

அச்சிலருள் முதலாவார் சென்னை ராஜதானியில் உத்தியோகம் வகித்த கே, கன்லிப் என்னும் இருவர். இவர்கள் 1840-ம் ஆண்டை அடுத்துப் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளிற் சேகரித்த கல்லுருவங்களை லண்டன் மாநகரத்துப் பூகர்ப்ப சங்கத்துக்கு அனுப்பினர். எட்வர்டு பார்ப்ஸ் என்னும் பண்டிதர் அவற்றை ஆராய்ந்து 1846-ல் வெளியிட்டார். பின்னர் 1857 முதல் 1860 வரை, இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த ஹென்றி பிரான்ஸிஸ் பிளான்போர்டு என்பவர் இந்நிலத்தை அளந்து படம் வரைந்து, ஊட்டத்தூர் அடுக்கு, திருச்சிராப்பள்ளி அடுக்கு, அரியலூர் அடுக்கு என முத்திறப்படுத்தினார். அப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. இப்பிளான்போர்டே பிற்காலத்தில் இந்திய வானிலை இலாகாவின் முதல் தலைவரானவர். அவர் நாட்டிலஸ் முதலிய சில குடும்பங்களை மாத்திரம் விவரித்து 1861-ல் வெளியிட்டு ஓய்ந்தார். அம்மோனைட்டுகளோ பெட்டி பெட்டியாய்க் கல்கத்தாவிற் குவிந்து, படிப்பாரை எதிர்நோக்கிக் கிடந்தன.

அப்பெட்டிகளைத் திறக்கவேண்டிய கை அப்பொழுது ஆல்ப்ஸ் மலைகளில் அலைந்துகொண்டிருந்தது.

ஸ்டோலிச்கா 1838-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், மொராவியாவிலுள்ள குரோமெர்ஷீஷ் நகரின் அருகே, காட்டிடையே இருந்த ஒரு காவல்மனையிற் பிறந்தார். ஒலோமோத்ஸ் நகரத்து அதிமேற்றிராணியாருக்குரிய காடுகளை அவர் தந்தையார் காத்துவந்தார். மரமும் பறவையும் பூச்சியும் நத்தையும் அக்குழந்தைக்குப் பள்ளிக்கு முன்னே வாய்த்த பள்ளியாயின என்று யாம் கருதுவது மிகையாகாது. பிற்காலத்தில் ஒரே மனிதர் பாறையையும் பறவையையும் பாம்பையும் வௌவாலையும் நத்தையையும் ஒருங்கே ஆராய்ந்ததற்கு வேறு காரணம் எமக்குத் தோன்றவில்லை. ஊரிலே ஜெர்மானியப் பள்ளியில் உயர்தரக் கல்வி கற்றபின், பிராகு நகரத்திலும் வீயன்னா நகரத்திலும் பூகர்ப்ப சாஸ்திரம் பயின்றார். வீயன்னாவில் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தவருள் ஒருவர் எடுவர்ட் ஸூஸ். ஆல்ப்ஸ் மலைகளின் தோற்றத்தையும், பழைய தென்கண்டமாகிய கோண்ட்வானாவையும்பற்றி எழுதிப் பின்னாளிற் பெரும்புகழ் எய்தியவர் இவரே.

மாணாக்கராய் இருக்கும்பொழுதே, 1859-ல், ஆல்ப்ஸின் வடகீழ்ப் பகுதிப் பாறைகளிற் கண்ட நன்னீர்ச் சிப்பிகளைப்பற்றி எழுதி ஆஸ்திரியக் கலைக்கழகத்துக்கு அனுப்பினார் ஸ்டோலிச்கா. 1861-ல் டூபிங்கன் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அவ்வாண்டே ஆஸ்திரிய பூகர்ப்ப இலாகாவில் அமர்ந்து, ஆல்ப்ஸிலும் ஹங்கேரியிலும் தொழில் புரிந்தார். இந்திய இலாகாவின் தலைவராயிருந்த தாமஸ் ஓல்டாம் என்பார், தம்மிடம் குவிந்துள்ள கல்லுருவங்களைப் படிக்க வல்லாரைத் தேடி நின்றவர். நாடு எதுவெனப் பாராது தகுதியையே பார்த்த ஓல்டாம், 1862-ல் இவ்விளைஞரை அழைத்துக்கொண்டார். அப்பொழுது ஸ்டோலிச்காவுக்கு வயது 24.

நம் மாணாக்கருள் அவ்வயதினர் பலர் உத்தியோகத்துக்கு மனுப்போடுவதே பெருந்தொழிலாய்க் கொண்டிருக்கின்றனர். அஃது அவர் குற்றமுமன்று. இவரோ தமக்குத் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில், தாம் கண்டறியாத நாட்டுக் கற்களைப்பற்றி, உலகம் முழுதும் பார்த்து எடைபோடத்தக்க நூல் எழுதவேண்டியவரானார். அதனை எழுதத் தொடங்கினார். தொடங்கியதை முடித்தும் விட்டார். 1863-ல் வெளிவரத் தொடங்கிய அம்மோனைட்டுப் பகுதி 1866-க்குள் நிறைவெய்தியது. அதனைத் தொடர்ந்து சங்கு நத்தை இனம், இரட்டைச் சிப்பி இனம், கடைசியாகப் பவளம், கடல்முள்ளி முதலியன என்று ஒன்றன்பின் ஒன்றாய்த் தொகுதிகள் வெளிவந்தன. 1873-ம் ஆண்டு மே மாதத்தில் வேலை முடிந்தபொழுது தொகுதிகள் நான்கு, பக்கங்கள் ஏறக்குறைய 1,500, படத்தாள்கள் 178. இலாகா நடத்திவந்த பேலியண்டாலஜியா இண்டிகா என்னும் வரிசையில் இவை அடங்கும். பத்தாண்டில் ஒரு மனிதர் செய்த வேலை என்று நம்புவது அரிது.

அவ்வேலையின் இயல்பு எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் நலம். ஓடைக்கரையிற் கிடைத்த கட்டி ஒன்று சேறும் சுண்ணாம்பும் இறுகிய உருண்டையாய் வந்து சேரும். உளியாலும் ஊசியாலும் அதைச் சிறிது சிறிதாய்க் களைந்து ஓட்டை வெளிப்படுத்தல் வேண்டும். ஒரு தட்டுப் பிழைத்தால் 10 கோடி ஆண்டு இருந்தது ஒரு நொடியிற் பொடியாம். சுற்றுக்கள் எத்தனை, ஒன்றையொன்று எவ்வளவு தழுவுகின்றன, வரம்புகள் நேரோ வளைவோ, கணுக்கள் எத்தனை வரிசை என்று அளந்து குறித்தபின், தடுப்புச்சுவரின் இலைக்கோட்டைத் தாளிற் பெயர்த்து வரைதல் வேண்டும். இளங்கன்றின் ஓடும் முதிர்ந்ததன் ஓடும் வேறு வேறாய்த் தோன்றும். அவற்றை இரண்டினமென்று மயங்காதிருத்தல் வேண்டும். பின்னர், ஐரோப்பாவில் எழுதப்பட்ட நூல்களின் படங்களோடு ஒப்பிட்டு, இது அதுவே என்றோ, புதியதென்றோ தீர்ப்புக் கூறுதல் வேண்டும். கல்கத்தாவின் புழுக்கத்தில் இதனையெல்லாம் செய்தார் என்பதையும் மறக்கலாகாது.

இத்தீர்ப்புகளின் பயனாக, பிரான்ஸ், இங்கிலாந்து முதலிய நாடுகளின் பாறைகளிற் காணும் அம்மோனைட்டுகளுக்கு இனமானவை ஊட்டத்தூர்க் களிமண்ணிலும் உண்டென்பது விளங்கிற்று. ஒரே காலத்தில் ஒன்றோடொன்று தொடர்புள்ள கடல்கள் அங்கும் இங்கும் அலையெறிந்தன என்பதற்கு இது சான்று. தமிழ்நாட்டின் ஒரு மூலை, உலகக் காலக்கணக்கில் ஓர் இடம் பெற்றது. புதிய இனங்களுக்குப் பெயரிடும்பொழுது நம் ஊர்களையும் அவர் மறந்தாரல்லர். அரியலூரைக் கொண்டு அரியலூரென்ஸிஸ் என்று அவர் பெயரிட்ட அம்மோனைட்டு அப்பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. பிற்காலத்தார் அவ்வழியே சென்று, அவர் விவரித்த மற்றோர் இனத்துக்கு ஊட்டத்தூரின் பெயரால் ஊட்டதூரிசெராஸ் என்னும் தனிச்சாதிப் பெயரே வகுத்துவிட்டனர். படத்தாளின் அடியில் விவரித்தவர் பெயர் நிற்கும்; வெய்யிலிற் குனிந்து அக்கட்டியை ஓடையினின்று எடுத்த கூலியாளின் பெயர் நிற்பதில்லை. இஃது ஸ்டோலிச்காவின் குறையன்று, அக்கால வழக்கம். எனினும் எம் மனத்தில் உறுத்துகின்றது.

ஒன்றிரண்டு இடங்களில் அவர் கருத்தைப் பிற்காலத்தார் மாற்றியதுண்டு. அவர் அம்மோனைட்டுகளிற் பெரும்பாலானவற்றை ஒரே பெருஞ்சாதியாகக் கொண்டே எழுதினார். அவ்வெழுத்து அச்சேறிய 1865-லேயே, வீயன்னாவில் அவர் ஆசிரியர் ஸூஸ் அப்பெருஞ்சாதியைப் பலவாகப் பிரிக்கத் தொடங்கிவிட்டார். ஆசிரியர் அங்கே வீட்டைப் பங்கிட, மாணாக்கர் இங்கே அவ்வீட்டின் பொருள்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஆயின் கணக்குச் செவ்வையாய் இருந்தமையாற் பங்கீடு எளிதாயிற்று. அவர் படங்கள் உண்மையாய் இருந்தன. பெயர் மாறினும் படம் மாறவில்லை. 1895-ம் ஆண்டு முதல் வீயன்னாவில் பிரான்ஸ் காஸ்மாட் என்பவர் தென்னிந்திய அம்மோனைட்டுகளை மீண்டும் ஆராய்ந்தபொழுது, ஸ்டோலிச்காவின் தொகுதியையே அடிப்படையாகக் கொண்டார்.

இறந்த ஓடுகளோடு நில்லாது உயிருள்ள மெல்லுடற் பிராணிகளையும் அவர் ஆராய்ந்தார். ஓட்டை மாத்திரம் பார்த்து இனம் பிரிப்பது உடுப்பை மாத்திரம் பார்த்து மனிதரைப் பிரிப்பதை ஒக்கும் என்பதே அவர் போக்கிலிருந்து நாம் அறிவது. பர்மாவில் மௌல்மேன் புறத்தும் பினாங்குத் தீவிலும் நில நத்தைகளைச் சேகரித்து, உடலை அறுத்து உறுப்புக்களைக் கண்டு எழுதினார். அந்தமான், நிக்கோபார் தீவுகளின் ஊர்வனவற்றைப்பற்றியும் எழுதினார். 1868 முதல் வங்காள ஆசியாடிக் சங்கத்தில் இயற்கைநூற் பகுதிக்குக் காரியதரிசியாய் இருந்து, பிறர் கட்டுரைகளைத் திருத்தி வெளியிடும் பொறுப்பையும் தாங்கினார்.

பட்டணத்து மேசையோடு அமைந்துவிடும் இயல்பினரல்லர் அவர். 1864-ல் மாலட் என்னும் துணைவரோடு இமயத்தின் உட்புறமாகிய ஸ்பிதி நாட்டுக்குச் சென்றார். மறு ஆண்டு மறுபடியும் சென்று சிந்து நதிக்கரை வரை ஊடுருவினார். மூத், லிலாங், கியூமல், சிக்கிம் என்று ஸ்பிதிப் பாறையடுக்குகளுக்கு அவ்வூர்ப் பெயர்களை வைத்தவர் அவரே. இங்கே கூறிய சிக்கிம் ஸ்பிதியிலுள்ளதொரு கிராமம், கீழைமலை இராச்சியமன்று. அங்குள்ள கரும்பாறையடுக்கு ஸ்பிதிக் களிப்பாறை எனப்படும். அதனுள் உருண்டை உருண்டையாய்க் கருங்கட்டிகள் கிடக்கும். உடைத்தால் உள்ளே அம்மோனைட்டு இருக்கும். இவ்வினத்துக் கட்டிகளே நேபாளத்தில் முக்திநாதத்தை அடுத்துள்ள கண்டகியாற்றிற் கிடைத்து, சாளக்கிராமங்களாகப் பூசைக்கு வருவன. அவற்றின் சக்கரக் குறி அம்மோனைட்டின் சுருளேயாகும். ஆகவே நம் பேழையின்முன் கைகூப்பிய மாணாக்கரும் பிழை செய்தாரில்லை. கல் மாத்திரம் வேறு கடலைச் சேர்ந்தது, வயதிலும் இளையது.

கச்சு நாட்டிலும் 1871-லும் 1872-லும் திரிந்து அங்குள்ள பாறைகளை நான்கு பிரிவாக வகுத்தார். அங்கே பாலைநிலத்தில் ஒரு சிறு பறவையைப் புதிதென்று கண்டு விவரித்தார். ஆங்கிலத்தில் அதனை அவர் பெயராலேயே வழங்குகின்றனர்.

இவ்வாறு தென்னிந்தியக் கற்களின் நூல் 1873-ல் முடிந்தது. கை ஓய்ந்திருக்க வேண்டிய அவ்வாண்டிலேயே, இந்திய அரசாங்கத்தார் காஷ்கர் நாட்டை ஆண்ட யாகூப் பேகிடம் சர் டக்ளஸ் பார்ஸைத் தலைமையில் ஒரு தூதுக்கூட்டத்தை அனுப்பினர். ஏறக்குறைய 350 ஆட்களும் 550 பொதி மிருகங்களும் கொண்ட பெருங்கூட்டம் அது. கர்னல் கார்டன், கேப்டன் டிராட்டர், கேப்டன் பிடல்ப், டாக்டர் பெல்லியூ என்போர் அதிற் சேர்ந்திருந்தனர். இயற்கைநூற் பண்டிதராக ஸ்டோலிச்கா சென்றார். அக்காலத்து ஐரோப்பியர்க்கு அந்நாட்டு மலைகளின் அமைப்பு அநேகமாய் இருளே. பாறை எது, பறவை எது என்று அறிந்து எழுத வாய்த்த சமயத்தை நழுவவிட அவரால் இயலவில்லை.

போகும் வழியிலேயே, திபெத்துப் பக்கத்து உயர்வெளியைக் கடக்கும்பொழுது, முதுகெலும்பைப் பற்றிய கடுநோய்க்கு ஆளாகிப் பிழைத்தெழுந்தார். அப்பொழுதே திரும்பியிருக்கலாம் என்று இன்று நாம் சொல்லலாம். அவர் திரும்பவில்லை. யார்க்கண்டு சேர்ந்தார், காஷ்கர் சேர்ந்தார், குளிர்காலத்தில் டிராட்டரோடு வடக்கே சாதிர்குல் ஏரிப் புறம் சென்றார். 1874-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்பின் வசந்தகாலத்தில் கார்டன் முதலியோருடன் பாமீர் மேடுகளைக் கடந்து வாக்கான் நாடு வரை போய் மீண்டார். சென்றவிடமெல்லாம் பறவைகளும் விலங்குகளும் கற்களும் சேர்ந்துகொண்டே வந்தன. நாட்குறிப்பும் வளர்ந்துகொண்டே வந்தது.

யார்க்கண்டிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும் வழி காரகோரம் கணவாய் வழியாகும். அதன் உயரம் 18,000 அடிக்கு மேல். 1874-ம் ஆண்டு ஜூன் மாத நடுவில் கூட்டத்தார் அக்கணவாயைக் கடக்கையில் ஸ்டோலிச்காவுக்குக் கடுந்தலைவலி கண்டது. கணவாய்க்கு இப்பால் தெப்ஸாங் என்னும் வெறுவெளி. அதுவும் ஏறத்தாழ அவ்வளவு உயரமே. நிழலில்லை, புல்லில்லை, வழிநெடுக இறந்த பொதிக்குதிரைகளின் எலும்பே அடையாளம். காற்று மெலிந்த உயரத்தில் மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோத்து உயிருக்கு மோசம் விளைதல் உண்டென்பதும், உடனே கீழிறங்குவதே அதற்கு முதல் மருந்தென்பதும் இக்காலத்து மருத்துவர் நன்கறிவர். அவர் நோய் அதுவே என்று பின்வந்தோர் பலர் துணிகின்றனர். அக்காலத்தில் அத்தெளிவு இல்லை; இருந்திருப்பினும் என் செய்வது? கீழிறங்கும் வழியே அவ்வெளியின் மறுகரையில் அன்றோ இருந்தது! அவ்வெளியைத் தாண்டி, லதாக்கு நாட்டைச் சேர்ந்த முர்கோ என்னும் தங்குமிடத்துக்கு இறங்கிவந்த அளவில், ஜூன் 19-ந் தேதி அவர் உயிர் நீங்கிற்று.

இச்சரிதத்தை எழுதுகையில் எம்முள் ஒரு வழக்கு எழுந்தது. நோயுற்று எழுந்த ஒருவர் மீண்டும் அதே உயரத்தைக் கடக்கத் துணிந்தது அறிவாகுமா என்று ஒருவர் கேட்டார். அறிவாகாதென்றே யாமும் நினைத்தோம். ஆனால் யார்க்கண்டு சென்றபின் அவருக்கு வேறு வழி ஏது என்று வரைபடத்தை விரித்துப் பார்த்தபொழுது வாயடங்கினோம். துணிவு என்பது 1873-ல், நோயினின்று எழுந்த அன்று, முன்னோக்கி வைத்த அடியில் இருந்தது. அதன்பின் நிகழ்ந்ததெல்லாம் அவ்வடியின் தொடர்ச்சியே. அவ்வடியைப் பின்னோக்கி வைத்திருந்தால், 36 வயதில் முடிந்த வேலையின்மேல் இன்னும் 30 ஆண்டு வேலை சேர்ந்திருக்கும். பாமீரின் பாறைக்குறிப்போ வேறொருவரால் எழுதப்பட்டிருக்கும். இக்கணக்கில் எம்முள் இன்னும் ஒருமைப்பாடு ஏற்படவில்லை.

உடலை லே நகரத்துக்குக் கொணர்ந்து அடக்கஞ்செய்தனர். அரசாங்கத்தார் அங்கே ஒரு நினைவுத்தூண் எடுப்பித்தனர். 1885-ல் அந்நகரத்துக்கு வந்து சேர்ந்த மிஷனரிமார் மொராவியச் சபையைச் சேர்ந்தவர். அவர்களுடைய சபைக்குப் பெயர் தந்த மொராவியாவே அக்கல்லறையில் உறங்குபவரின் பிறந்த நாடு. அவ்விடம் இக்காலத்தில் மொராவியர் கல்லறைத்தோட்டம் என்றே வழங்குவது, தற்செயலாயினும், நினைத்தற்கு இனியது.

அவர் சேர்த்தவை வீண்போகவில்லை. நாட்குறிப்பும் பெட்டிகளும் கல்கத்தா வந்தன. பிளான்போர்டின் தமையனாரான வில்லியம் தாமஸ் பிளான்போர்டு பாறைக்குறிப்புக்களை 1878-லும், பாலூட்டிகளை 1879-லும் வெளியிட்டார். தம்பி விட்ட வேலையை ஸ்டோலிச்கா முடித்தார். ஸ்டோலிச்கா விட்ட வேலையைத் தமையன் முடித்தார். பறவைகளின் தொகுதி லண்டனில் ஷார்ப் என்பவரால் 1891-ல் வெளிவந்தது; பயணம் முடிந்து 17 ஆண்டு ஆகியிருந்தது. மலையெலி ஒன்றுக்கும், வௌவால் ஒன்றுக்கும், காசியா மலைப் பாம்புச்சாதி ஒன்றுக்கும் அவர் பெயர் இடப்பட்டது. வாலன்டைன் பால் என்பார் 1886-ல் அவர் வாழ்க்கையையும் வேலையையும்பற்றி ஒரு நூல் இயற்றினார்.

ஆயினும் எமக்கு நெருங்கியது மற்றொரு பெயர். அவர் மாண்ட மறு ஆண்டு, 1875-ல், வீயன்னாவில் மெல்கியோர் நாய்மயர் என்னும் பண்டிதர் அம்மோனைட்டுகளைச் சாதி சாதியாய்ப் பிரித்து எழுதினார். இவர் பின்னாளில் ஸூஸின் மருமகனானவர். ஐரோப்பாவில் டிஸ்பார் என்று பெயர் பெற்றிருந்த ஓர் இனத்தை முதலாகக் கொண்டு ஒரு புதுச்சாதி வகுத்து, அதற்கு ஸ்டோலிச்கையா என்று பெயரிட்டார். டிஸ்பார் என்பதற்கு ஒவ்வாதது என்று பொருள். இச்சாதியின் ஓடு இளமையில் தட்டையாய், நெருங்கிய மெல்வரம்புகளோடு ஒழுங்காய்ச் சுருளும். முதிர்ந்து கடைசி அறையைக் கட்டும்பொழுதோ வரம்புகள் தடித்து இடைவெளிப்படும். சுருளும் சிறிது நெகிழும். ஒரே பிராணி இரண்டு கையெழுத்தில் எழுதியதுபோற் காணப்படும். ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன், சிறிது காலமே கடல்களில் வாழ்ந்து மறைந்தது. அச்சிறுமையே அதன் பெருமை. பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் அல்பியன் எனப்படும் காலப்பகுதியின் கடைசிக் கூற்றுக்கு ஸ்டோலிச்கையா டிஸ்பார் மண்டலம் என்றே பண்டிதர் பெயரிட்டு வழங்கினர்.

ஒதியம், ஊட்டத்தூர் முதலிய இடங்களிலிருந்து வந்த சில ஓடுகளை ஸ்டோலிச்கா ஐரோப்பிய டிஸ்பார் இனமே என்று தம் தொகுதியில் எழுதியிருந்தார். அவர் வரைவித்த படத்தையே எடுத்து ஆராய்ந்த நாய்மயர், இது அதுவன்று, உடன்பிறந்த வேறினம் என்று பிரித்துக் கிளாவிகெரா என்று பெயரிட்டார். அவர் தீர்ப்பு ஒன்றை மாற்றியவரே அவர் பெயரை அச்சாதிக்கு வைத்தார். தம் பெயரால் ஒரு சாதி வழங்கப்போகின்றதென்பதை ஸ்டோலிச்கா அறியார்.

இன்று அரியலூர்ப் புறத்திற் சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புப் பாறை நாள்தோறும் வெட்டப்படுகின்றது. வீடும் பாலமும் வேண்டாமென்று யாம் சொல்லத் துணியோம். எனினும் சூளைக்குப் போகும் ஒவ்வொரு வண்டியிலும் படிக்கப்படாத ஏடுகள் சில போகின்றன என்பதை அறிந்தவர்க்கு அவ்வழியே நடக்கும்பொழுது மனம் அமைவதில்லை. காரையின் ஓடைகளிலோ மழை ஒவ்வொன்றும் புது ஓடுகளை வெளியே தள்ளுகின்றது. எடுப்பாரில்லையேல் அடுத்த மழை அவற்றை உடைத்துவிடுகின்றது.

சென்ற தைமாதத்தில் எம் மாணாக்கர் இருவர், நம் பேழையிலிருந்த கல்லை எடுத்துத் துடைத்து, ஸ்டோலிச்காவின் தொகுதியிலுள்ள படத்தாளோடு வைத்துப் பார்த்தனர். உட்சுற்றில் நெருங்கிய மெல்வரம்பு. வெளிச்சுற்றில் இடைவெளிப்பட்ட தடிவரம்பு. ஆசிரியரும் பார்த்து இசைந்தார். பழைய சீட்டைக் கிழிக்க மனமில்லாமல், அதன் கீழே வேறொரு சீட்டை ஒட்டி, ஸ்டோலிச்கையா என்று எழுதிவைத்துள்ளனர்.